மேல் அம்பு, எண்டர்

ஏழாம் கொட்டகையில் தினமும் காலை ஆறு மணியிலிருந்து ஆறேகால் வரை யாரும் தும்மக் கூடாது. எழுதி ஒட்டிய சட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் அங்கிருந்த முப்பத்தொரு பேரில் ஒருவர்கூட அதை வேண்டுமென்றே மீறியதில்லை. சமையல் பார்க்கிற பீர் முகம்மது தாளிப்புக் கரண்டியை இறக்கி வைத்துவிடுவார். பனி வெட்டுகிற மிஷினை அணைத்துவிட்டு மரிய பிரகாசி அதன் மேலேயே உட்கார்ந்துகொள்வாள். கழிப்பறைக்குள் இருப்பவர் தண்ணீர் திறக்காமல் அப்படியே இருக்க வேண்டியதுதான். அந்தக் கால் மணி நேரம் கேட்கிற ஒரே சத்தம், தங்கப்பழம் கீபோர்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிற சத்தம்.

அதற்கு 'வரி நேரம்' என்று பெயர்.

கொட்டகை இருந்தது நிலாவின் தென்முனையில், வெயிலே எட்டிப் பார்க்காத ஒரு பள்ளத்துக்குள். வேலை பனிக்கட்டி வெட்டுவது. கொட்டகையை நடத்தியது ஒரு பழைய புரோகிராம். அதை எழுதிய கம்பெனியே இப்போது இல்லை. யார் எந்த வேலைக்குப் போக வேண்டும், யாருக்கு என்ன சாப்பாடு, எந்தக் கதவு யாருக்குத் திறக்கும் என்பதெல்லாம் அதன் கையில் இருந்ததால் எல்லோரும் அதை மேஸ்திரி என்றார்கள். மூச்சும் அதன் கையில்தான். கொட்டகைக்குள் பொதுக் காற்று கிடையாது. ஆளுக்கொரு மூக்குக் குழாய், இடுப்பில் ஒரு சின்ன உருளை. உருளையின் வாயை மேஸ்திரி திறந்தால் காற்று, மூடினால் இல்லை.

இவ்வளவு பெரிய மேஸ்திரிக்குப் பேசத் தெரிந்தது ஒரே ஒரு விதத்தில்தான். கறுப்புத் திரையில் ஒரு கோடு மினுங்கும். அன்றைய நாள் முழுவதற்குமான கட்டளையை ஒரே வரியில் அடித்து எண்டர் தட்ட வேண்டும். முந்நூற்று நாற்பது எழுத்து. நடுவில் ஒன்று தப்பாக விழுந்துவிட்டால் அழிக்க முடியாது. பேக்ஸ்பேஸ் விசையை அழுத்தினால் மேஸ்திரி அதையும் ஒரு எழுத்தாக வாங்கி வைத்துக்கொள்ளும். அம்பு விசையைத் தொட்டால் புழு நெளிகிற மாதிரி ஏதோ குறிகள் வரிக்குள் ஊர்ந்துவிடும். கடைசியில் 'புரியவில்லை' என்று ஒரு பதில் வரும். மூன்று முறை புரியவில்லையென்றால் மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அன்றைக்கு எல்லோருக்கும் பாதிக் காற்று. பேசாமல் படுத்தே கிடக்க வேண்டும்.

நாலு வருஷமாக வரி அடித்து வந்த தங்கப்பழத்துக்கு வயது நாற்பத்து நாலு. சாத்தான்குளம் பக்கத்தில் வெல்டிங் பட்டறையில் இருந்தவன். கம்ப்யூட்டரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் இங்கே வந்து பழைய கையேடுகளைப் படித்துத் தானாகக் கற்றுக்கொண்டதுதான். நாலு வருஷத்தில் ஒரே ஒரு முறைதான் அவனால் பாதிக் காற்று வந்தது. அன்றைக்குத் தும்மியது அவனேதான். அடுத்தடுத்து மூன்று தும்மல்.

அன்று முழுக்க மேல் படுக்கையில் கிடந்த முத்துமாலை, கீழ் படுக்கையில் கிடந்த தங்கப்பழத்திடம், மூச்சை மிச்சம் பிடித்து மிச்சம் பிடித்து ஒன்றே ஒன்று சொன்னார்.

"ஏலே தங்கம், சிலேட்டுல எழுதுத பிள்ளைக்குக்கூட எச்சி தொட்டு அழிக்க ஒரு வழி இருக்கு. உனக்கு அது கூட இல்லயாலே?"

முத்துமாலை சுரண்டைக்காரர். பம்பு பார்க்கிறவர். ஐம்பது வயது முடிய இன்னும் ரெண்டு மாதம் இருந்தது. அந்தக் கொட்டகையில் தங்கப்பழத்தை 'லே' போட்டுக் கூப்பிட்ட ஒரே ஆள் அவர்தான். அந்த ஒரு எழுத்துக்காக அவன் அவருக்கு என்ன வேண்டுமானாலும் செய்வான்.

ரெண்டு மாதம் உட்கார்ந்து ஒரு சின்னப் புரோகிராம் எழுதினான். எடுபிடி என்று பெயர் வைத்தான். ஒரு புதன்கிழமை மத்தியானம் சூப்பர்வைசர் சென்னியப்பனைக் கூட்டி வந்து காட்டினான். சென்னியப்பன் ஈரோட்டுக்காரர். ஐம்பத்தேழு வயது. புதிதாக எதைப் பார்த்தாலும் அது தன் வேலைக்கு உலை வைக்குமா என்று முதலில் பார்ப்பவர்.

"ஏனுங்க தங்கப்பழம், மேஸ்திரிக்குள்ளாற கைய வெச்சுப்போட்டீங்களா?"

"மேஸ்திரிய நா தொடவே இல்ல சார். அதுக்கு முன்னால ஒரு ஆள நிப்பாட்டிருக்கேன், அம்புட்டுத்தான். நாம அடிக்கது எல்லாம் மொதல்ல அவன்ட்ட போவும். அழிக்கலாம், நடுவுல போயி ஒரு எழுத்த சொருவலாம், முன்ன பின்ன நவுரலாம். எண்டர் தட்டுன பெறவுதான் முழு வரியையும் அவன் உள்ள குடுப்பான்."

"செரி. இந்த மேல் அம்பு எதுக்குங்க?"

"அது நேத்து அடிச்ச வரிய திரும்பக் கொண்டாரும். மாத்த வேண்டியத மட்டும் மாத்திக்கிட்டா போதும். தெனமும் முந்நூத்தி நாப்பது எழுத்து அடிக்காண்டாம்."

சென்னியப்பன், இதற்கு மேலிடத்தில் அனுமதி கேட்டால் மூன்று மாதம் ஆகும், கேட்காவிட்டால் யாருக்கும் தெரியாது, அதனால் கேட்க வேண்டாம் என்றார்.

மறுநாள் வியாழக்கிழமை. முத்துமாலைக்கு ஐம்பது வயது. வரியில் பிறந்தநாள் என்று ஒருவர் பெயர் போட்டால் மேஸ்திரி தாராளமாகிவிடும். எல்லோருக்கும் பாயசம், எல்லோருக்கும் ஒரு வாளி வெந்நீர். பிறந்தநாள்காரர் வீட்டோடு முகம் பார்த்துப் பேச இருபது நிமிஷம். தங்கப்பழம் வரியை அடித்தான். ரெண்டு இடத்தில் தப்பு விட்டான். அழித்துத் திருத்தினான். யாரோ தும்மினார்கள், ஒன்றும் ஆகவில்லை. பீர் முகம்மது வரி நேரத்திலேயே கடுகைத் தாளித்தார். சுதந்திரம் வந்த மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை மேல் அம்பை அழுத்தினான். நேற்றைய வரி முழுசாக வந்து நின்றது. பிறந்தநாளை எடுக்க வேண்டும், கழிப்பறை வேலையை மரிய பிரகாசியிடமிருந்து வேறு ஆளுக்கு மாற்ற வேண்டும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டான். ஆனால் நாலு வருஷமாக அவன் விரல்களுக்கு ஒரு பழக்கம். திரையில் முந்நூற்று நாற்பது எழுத்து நிறைந்துவிட்டால் வேலை முடிந்தது என்று அவை எண்டருக்குப் போய்விடும். அன்றைக்கும் போய்விட்டன.

மேஸ்திரி மறுபடியும் முத்துமாலைக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னது. மறுபடியும் பாயசம். மறுபடியும் வெந்நீர். முத்துமாலைக்கு ஐம்பத்தொன்று ஆனது.

ஒருவரும் குறை சொல்லவில்லை. சனிக்கிழமை விடிந்ததும் ஏழெட்டுப் பேர் தங்கப்பழத்தின் நாற்காலியைச் சுற்றி வந்து நின்றார்கள். ஒன்றும் கேட்கவில்லை. சும்மா நின்றார்கள். பனிக்குள் வேலை பார்த்துவிட்டு வருகிற உடம்புக்கு ஒரு வாளி வெந்நீர் என்றால் என்ன என்று அவனுக்கும் தெரியும். மேல் அம்பு, எண்டர்.

ஒரு வாரத்தில் பூமியிலிருந்த தலைமையகத்திலிருந்து பாராட்டு வந்தது. ஏழு நாளும் அறிக்கையில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லையாம். இப்படி ஒழுங்கான கொட்டகையை அவர்கள் பார்த்ததே இல்லையாம். இனிமேல் எக்காரணம் கொண்டும் வரியில் ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாது என்று உத்தரவும் கூடவே வந்தது. சென்னியப்பன் அந்தப் பாராட்டை அச்சடித்துத் தன் படுக்கைக்கு மேல் ஒட்டிக்கொண்டார். பிறகு தங்கப்பழத்தைக் கூப்பிட்டு, ரெண்டு விசையை அழுத்துவதற்கு ஒரு ஆள் எதற்கு, தானே அழுத்திக்கொள்வதாகச் சொல்லி, அவன் கையில் பனி அள்ளுகிற மண்வெட்டியைக் கொடுத்தார்.

இருபது நிமிஷப் பேச்சுக்கு வருவோம். முதல் நாள் சுரண்டையில் தெருவே கூடியது. முத்துமாலையின் மனைவி பேச்சித்தாய் கேக் வெட்டி, அதைப் போனுக்கே ஊட்டினாள். ரெண்டாம் நாள், நேற்றுத்தானே கொண்டாடினோம் என்று கேட்டாலும் மகள் கோமு மறுபடி ஒரு பாட்டுப் பாடினாள். நாலாம் நாள் கோமு, அப்பா, தினமும் உங்களுக்குப் பிறந்தநாள்னா எங்களுக்கு வேற வேல இருக்காதா என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். ஏழாம் நாளிலிருந்து பேச்சித்தாய் போனை அடுப்படி அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டுத் தன் பாட்டுக்கு வேலையைப் பார்த்தாள். அவள் இட்லி மாவு அரைத்து விற்றுக்கொண்டிருந்தாள். ஆட்கள் பாத்திரத்தோடு வருவதும் போவதுமாக இருந்தார்கள். அவள் அவர்களோடு சிரித்தாள், சண்டை போட்டாள், அளந்து ஊற்றினாள். முத்துமாலை பேச்சே இல்லாமல் இருபது நிமிஷமும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"நா உக்காருத எடத்துல கிரைண்டர வெச்சிருக்கா பாத்தியாலே," என்றார் ஒருநாள். வருத்தமா, பெருமையா என்று தங்கப்பழத்தால் கண்டுபிடிக்க முடியவில்லை. "முப்பது வருசத்துல எங்கிட்ட இப்படிச் சிரிச்சதே இல்ல. நல்லாத்தான் சிரிக்கா."

ஒன்பதாம் நாள் முத்துமாலைக்கு ஐம்பத்தெட்டு. மேஸ்திரி தானாகவே அறிவித்தது: ஓய்வு, அடுத்த கப்பலில் ஊர். ரெண்டாவது ஒப்பந்தத்தில் இன்னும் ஆறு வருஷம் பாக்கி இருந்த மனுஷனுக்கு ஒன்பது நாளில் விடுதலை. கொட்டகையே கை தட்டியது. ஆளாளுக்கு அவரைக் கட்டிப்பிடித்தார்கள். தங்கப்பழமும் கட்டிப்பிடித்தான்.

அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், கப்பல் என்றைக்கு வரும் என்று பார்ப்பதற்காக அவன் கையேட்டைப் புரட்டினான். அன்றிலிருந்து சரியாக முப்பத்தோராம் நாள். அதே பக்கத்தில், கீழே சின்ன எழுத்தில் இன்னொன்றும் இருந்தது. எழுபத்தைந்து வயதைத் தாண்டியவரைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள், இதயம் தாங்காது. கப்பல் வருகிற நாளில் முத்துமாலைக்கு எண்பத்தொன்பது ஆகியிருக்கும். பதினேழு நாளுக்குள் இந்த மேல் அம்பை நிறுத்தினால் அவர் ஊருக்குப் போவார். நிறுத்தாவிட்டால் போக மாட்டார். ஒருமுறை ஏறிய வயதை இறக்க மேஸ்திரிக்குத் தெரியாது.

அவன் அதை ரெண்டு தடவை படித்தான். சொல்லத்தான் எழுந்தான். முத்துமாலை மேல் படுக்கையிலிருந்து காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஏலே தங்கம், நான் போன பிறகு மேல் படுக்கையை நீ எடுத்துக்கோ, கீழே குளிரும் என்றார். தங்கப்பழம் அந்தக் காலியான மேல் படுக்கையை நினைத்துப் பார்த்தான். கையேட்டை மூடி வைத்தான். நாளைக்குச் சொல்லலாம்.

நாளைக்கும் மேல் அம்பு, எண்டர். அதற்கு அடுத்த நாளும்.

அறுபத்தைந்து ஆனதும் மேஸ்திரி முத்துமாலைக்குச் சோற்றை நிறுத்திக் கஞ்சிக்கு மாற்றியது. எழுபது ஆனதும் கருவி வருகிற துவாரம் வழியாக ஒரு கைத்தடி வந்து விழுந்தது. முதலில் அதை வைத்து எல்லோரும் விளையாடினார்கள். அப்புறம் அவர் வந்தால் எழுந்து இடம் கொடுக்க ஆரம்பித்தார்கள். பனியில் துளை போடுகிற துரப்பணக்காரர்கள் ரெண்டு பேர் தங்களுக்குள் இருந்த தகராறைத் தீர்த்து வைக்கச் சொல்லி அவரிடம் வந்து நின்றார்கள், அவர்தானே பெரியவர் என்று. அவரும் தீர்த்து வைத்தார். அந்தத் தீர்ப்பின் நடுவே, "எங்க காலத்துல மேல் அம்பெல்லாம் ஏது? ஒவ்வொரு எழுத்தா அடிச்சு வளந்த கொட்டக இது," என்றார். போன மாதத்தைப் பற்றிச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. தங்கப்பழத்துக்கு அப்போதுதான் பயம் வந்தது. அவர் முதுகு நிஜமாகவே வளைந்திருந்தது.

எழுபத்தேழாவது பிறந்தநாள் அன்று அவன் வாயைத் திறந்தான். இப்போதுதான் கண்ணில் பட்டது என்று சொல்லி அந்தப் பக்கத்தைக் காட்டினான். இன்னொரு பக்கத்தையும் காட்டினான். நூறு வயதில் மேஸ்திரி ஆள் காலமானதாக எடுத்துக்கொண்டு பெயரை நீக்கிவிடும். பெயர் இல்லாத ஆளின் மூக்குக் குழாய்க்குக் காற்று வராது.

சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். மரிய பிரகாசி மட்டும் உடனே நிறுத்த வேண்டும் என்றாள். அந்த வியாழக்கிழமை கழிப்பறை அவள் முறை என்பதால், இருபத்தெட்டு நாளாக அவள்தான் கழுவிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் வெந்நீரைப் பற்றி எதுவும் சொல்லாமல் வெந்நீரைப் பற்றியே பேசினார்கள். வெல்லம் தீர்ந்து இருபது நாள் ஆகிறது, பாயசம் என்று ஊற்றுவது ஏலக்காய் வாடை அடிக்கிற சுடுதண்ணிதான், ஆனாலும் மேஸ்திரி கணக்கில் அது பாயசம்தான் என்றார் பீர் முகம்மது. பெயரை மட்டும் மாற்றிவிடலாமே, இடது அம்பை நாலு தட்டுத் தட்டினால் போதுமே, எடுபிடியை எழுதியதே மாற்றுவதற்குத்தானே என்று தங்கப்பழம் கெஞ்சினான். யார் பெயரைப் போடுவது என்று கேட்டார்கள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஒரு வயது கூடுவதென்றால் சும்மாவா?

கடைசியில் சென்னியப்பன் எழுந்தார். "எழுவத்தஞ்சு எப்படியும் தாண்டிப்போச்சுங்க. இனி நிறுத்தினாலும் கப்பல்ல ஏத்தமாட்டாங்க. நூறுக்கு இன்னும் இருவத்துமூணு நாள் கெடக்குது. மேலிடத்துல ஒரு எழுத்து மாத்தக்கூடாதுன்னு சொல்லிப்போட்டாங்க. நா என்னங்க பண்றது?"

முத்துமாலையையும் கேட்டார்கள். அவர் தடியில் தாடையை ஊன்றிக்கொண்டு, சின்னஞ்சிறுசுகள் நீங்கள் பார்த்துச் செய்யுங்கள் என்றார். அங்கே இருந்தவர்களில் ஆறு பேர் உண்மையில் அவரைவிட மூத்தவர்கள்.

கப்பல் சொன்ன தேதிக்கு வந்தது. முத்துமாலை பையைத் தூக்கிக்கொண்டு போனார். கப்பல் வாசலில் இருந்த பெட்டி அவர் முகத்தைப் பார்த்து எண்பத்தொன்பது என்றது. கப்பல்காரப் பையன் ரொம்பத் தன்மையானவன். ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டு, தாத்தா உட்காருங்க, மூச்சு வாங்குது பாருங்க என்று தண்ணீர் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். அடுத்த கப்பல் மூன்று வருஷம் கழித்து. திரும்பி வந்தவர் நேராக அறைக்குப் போனார். பையை அவிழ்த்து, துணிகளைப் பழைய இடத்திலேயே அடுக்கினார். தங்கப்பழத்தால் அன்று கஞ்சித் தட்டைக்கூட அவர் கையில் கொடுக்க முடியவில்லை. படுக்கையில் வைத்துவிட்டு நகர்ந்தான்.

தொண்ணூற்றொன்பது முடிந்து விடிந்த காலையில், வரி நேரத்தில் மறுபடியும் பழைய அமைதி. நாற்காலியில் சென்னியப்பன். திரையில் வரி. அவர் விரல் எண்டருக்கு மேலே நின்றது. அதுவரை அது ஒரு விசையாகத்தான் இருந்தது. அன்றைக்கு அது ஒரு மனுஷனின் மூக்குக் குழாயாகிவிட்டது. ஆறேகாலுக்குள் வரி போகாவிட்டால் எல்லோருக்கும் பாதிக் காற்று. அவர் எழுந்துவிட்டார். வேறு யாராவது அழுத்துங்கள் என்றார். முப்பது பேரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் தங்கப்பழத்தைப் பார்த்தார்கள்.

தங்கப்பழம் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தான். இடது அம்பைத் தட்டி முத்துமாலையின் பெயரில் போய் நின்றான். சென்னியப்பன்கூட வேண்டாமென்று சொல்லவில்லை. அந்தப் பெயரை எடுத்துவிட்டால் தீர்ந்தது. அப்போது முத்துமாலை தடியைத் தட்டிக்கொண்டு வந்து அவன் தோளில் கை வைத்தார்.

"எடுத்துட்டு? தொண்ணூத்தொம்பதுலயே நா கஞ்சி குடிச்சுக்கிட்டு கெடக்கணுமா? நெசமான பிறந்தநாள் வந்தா அன்னைக்கும் இதே நூறுதானலே வரும். இன்னைக்கே முடிச்சு விடு. பொறவு என்னய புது ஆளா சேத்துக்கோ."

அந்த வழியை அவரே யோசித்து வைத்திருந்தார். மேஸ்திரிக்கு ஒரு வரி அடித்தால் புது ஆளைச் சேர்த்துக்கொள்ளும். நாற்பது வயதுக்கு மேல் எடுக்காது. எடுத்தால் ஒப்பந்தம் முதலிலிருந்து, பத்து வருஷம். ஒரே சிக்கல், யாராவது காலமானால் மேஸ்திரி அரை மணி நேரம் துக்கம் அனுசரிக்கும். அந்த அரை மணி அது யார் சொல்வதையும் காதில் வாங்காது. வெளியே போகும்போது போடுகிற விண்வெளி உடுப்பில் நாற்பது நிமிஷக் காற்றுத் தனியாக இருந்தது. அதற்குள் இருந்துகொள்ளலாம்.

அவருக்கு உடுப்பை மாட்டினார்கள். தலைக்கவசத்தைப் பூட்டியதும் தங்கப்பழம் கண்ணை மூடிக்கொண்டு எண்டர் தட்டினான்.

'முத்துமாலை, 100. பிறந்தநாள் வாழ்த்துகள். ஆழ்ந்த இரங்கல். துக்கம் 30 நிமிடம்' என்றது மேஸ்திரி.

விதிப்படி எல்லோரும் எழுந்து நின்றார்கள். முத்துமாலையும் அவர்கள் நடுவே தலை குனிந்து நின்றார். அவருடைய உடுப்பின் ரேடியோவும் பெயரோடு சேர்ந்து செத்துவிட்டதால் அவர் பேசுவது யாருக்கும் கேட்காது, மற்றவர்கள் பேசுவது அவருக்கும் கேட்காது. பீர் முகம்மது வழக்கம்போலக் கஞ்சியோடு வந்து, யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் திரும்பிப் போனார். மரிய பிரகாசி, நல்ல மனுஷன் என்று மூக்கைச் சிந்தினாள். அவர் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தார். பதினெட்டாம் நிமிஷம் சென்னியப்பன் தங்கப்பழத்தின் காதருகே குனிந்து, தனக்கு ஐம்பத்தேழு முடிகிறது என்றும், நாளையிலிருந்து வரியில் தன் பெயரைப் போட்டால் ஆட்சேபணை இல்லை, ஆனால் ஒரே ஒரு தடவை மட்டும் என்றும் சொன்னார்.

துக்கம் முடிந்து கோடு மினுங்கியபோது உடுப்பில் ஆறு நிமிஷக் காற்று இருந்தது. மாட்டிப் பூட்டியதிலேயே நாலு போய்விட்டது. தங்கப்பழம் அடித்தான். புது ஆள். பெயர். பம்பு வேலை. வயது 40. எண்டர் தட்ட வேண்டியதுதான் பாக்கி.

விரல் போகவில்லை. நாற்பது நாளாக நெஞ்சில் நின்றது அப்போது கைக்கு வந்துவிட்டது. வாயால் சொன்னாலும் கவசத்துக்குள் இருப்பவருக்குக் கேட்காது. அந்தத் தைரியத்தில், அதே வரியில், 40-க்குப் பக்கத்தில் அடித்தான்.

'அண்ணாச்சி எழுவத்தஞ்சு விதி எனக்கு உங்க அம்பத்தெட்டுலயே தெரியும். நீங்க போயிருவியன்னு சொல்லல.'

அடித்ததும் அதுவே போதும் என்று இருந்தது. அழித்துவிடலாம். பேக்ஸ்பேஸுக்குக் கை போனபோது, தடித்த கையுறை போட்ட ஒரு கை அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

முத்துமாலை பின்னாலேயே நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கவசக் கண்ணாடியில் திரைதான் தெரிந்ததே தவிர முகம் தெரியவில்லை. உடுப்பின் நெஞ்சில் இருந்த காற்று மீட்டரின் முள் நாலு நிமிஷத்துக்கு இறங்கியிருந்தது. தங்கப்பழம் எழப் பார்த்தான். அவர் அவனை அப்படியே அழுத்தி உட்கார வைத்துவிட்டு, கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார்.

அவர் வாழ்க்கையில் கீபோர்டைத் தொட்டதில்லை. கையுறை விரலோ வாழைக்காய்ப் பருமன். ஒரு எழுத்தை அழுத்தினால் மூன்று விழுந்தது. அழித்தார். மறுபடி அழுத்தினார். மறுபடி அழித்தார். முள் மூன்றுக்கு வந்தது. பீர் முகம்மது, வேண்டாம் வே, எண்டர் தட்டும் என்று கத்தினார். கேட்கவில்லை. ரெண்டரை. தங்கப்பழம் கையை நீட்டினான், அவர் முழங்கையால் தள்ளினார். ஒவ்வொரு எழுத்தாக வரியின் கடைசியில் வந்து சேர்ந்தது.

'எனக்கும் தெரியும்லே. நா இல்லாம அவ நல்லாருக்கா.'

கொட்டகையில் அதைப் படிக்க முடிகிற தூரத்தில் இருந்தது அவர்கள் ரெண்டு பேர் மட்டும்தான். அவர் தங்கப்பழத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு பேக்ஸ்பேஸ் மேல் விரலை வைத்து அப்படியே அழுத்திக்கொண்டு நின்றார். அவர் சொன்னது பின்னாலிருந்து ஒவ்வொன்றாகப் போயிற்று. அதற்கு முன்னால் தங்கப்பழம் சொன்னதும் போயிற்று. 40-ல் வந்து கோடு நின்றது. முள் ஒன்றுக்குக் கீழே இருந்தது.

எண்டரை அவரே தட்டினார்.

மேஸ்திரி ஒரு மூச்சு யோசித்தது. பிறகு அவர் இடுப்பு உருளையில் காற்று சீறியது. நாலைந்து பேர் பாய்ந்து கவசத்தைக் கழற்றி மூக்குக் குழாயைச் செருகினார்கள். அவர் தரையில் உட்கார்ந்து இருமினார். இருமி முடித்து, முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

திரையில் மேஸ்திரி புது ஆளுக்கு நல்வரவு சொல்லியிருந்தது. கீழே வழக்கமான குறிப்பு: புது ஆளுக்கு இடம் எதுவும் தெரியாது. ஒரு வாரம் வயதில் மூத்தவர் ஒருவர் கூடவே இருந்து காட்டிக்கொடுக்க வேண்டும். பொறுப்பு: அதே அறையில் இருக்கும் தங்கப்பழம், 44.

முத்துமாலை அதை ஒருமுறைக்கு ரெண்டு முறை வாசித்தார். தடியைச் சுவரோரம் போட்டார். தங்கப்பழத்தின் முன்னால் வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி, நா ஊருக்குப் புதுசு. மொதல்ல கக்கூஸ் எங்கன இருக்குன்னு காட்டுங்க. துக்கம் ரொம்ப நீளமாப் போச்சு."

தங்கப்பழம் நாற்காலியிலிருந்து எழுந்தான். அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு நடந்தான். இடது பக்கம், ரெண்டாவது கதவு.